அம்மா பொட்டு வைத்த இடத்தில் யாருடைய பெயர்?

2022 ஆவணியில் எங்கள் வீட்டுக்குப் புது கார் வந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மறுநாள் ஈச்சனாரிப் பிள்ளையாரிடம் கொண்டு போய்ப் பூஜை போடுவதாக ஏற்பாடு. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்த வண்டியை ஆரத்தி எடுக்காமல் நிறுத்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பானெட்டில் மூன்று பொட்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, நாலு சக்கரத்துக்கும் நாலு. அப்புறம் பின்பக்கம் வந்து டிக்கிக் கதவுக்கு முன்னால் விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு, இது யாரு பேரு?"

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும். டிக்கியில் கம்பெனி முத்திரைக்குக் கீழே, ஒரு விரல் உயரத்துக்கு, வெள்ளி நிறத்தில் புடைத்த எழுத்துக்கள். பின்கண்ணாடியின் மேல் விளிம்பில் அதே பெயர், போன் நம்பரோடு. நம்பர் பிளேட்டைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் சட்டத்தில் மூன்றாவது முறையாக அதே பெயர்.

"வித்தவங்க பேருங்கம்மா. ஷோரூம் பேரு."

"வித்தவங்க பேரு நம்ம வண்டில எதுக்கு? நாம காசு குடுத்து முடிக்கலியா?"

அதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அப்படி ஏன் கேட்டார் என்பது எனக்கும் அப்பாவுக்கும் உடனே புரிந்தது.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. தேங்காய் ஏற்றிக்கொண்டு காங்கயம் கொப்பரைக் களத்துக்கு ஓட்டுவார். பைனான்ஸில் எடுத்த வண்டி. கதவுக்குப் பக்கத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயரைச் சின்ன எழுத்தில் பெயின்டரை வைத்து எழுதியிருந்தார்கள். கடைசித் தவணை கட்டிய அன்றைக்கு அப்பா நேராகப் பொள்ளாச்சிக்குப் போய் அதே பெயின்டரைக் கொண்டு அந்த வரியை அழிக்கச் செய்தார். அழித்த இடத்தில் என் பெயரும் தங்கை பெயரும் வந்தன. வீடு வந்து சேர்ந்த லாரியைச் சுற்றி அம்மா ஒரு சுற்று வந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வண்டியில் அடுத்தவர் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது, பெயர் போனால் கடன் போனது. அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

இந்தக் காருக்கும் வங்கிக் கடன் உண்டு. வண்டி விலையில் பெரும்பங்கைக் கொடுத்த வங்கி, ஆர்.சி.யில் ஒரே ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. வண்டி உடம்பில் அது எதையும் எழுதவில்லை. வண்டியை விற்று லாபம் பார்த்த கடை மட்டும் மூன்று இடத்தில் தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா பொட்டை அந்த எழுத்துக்கள் மேல் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதானே" என்று சொல்கிறவர்கள் நிறைய. நானும் அன்றைக்கு அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். இரண்டு வருடம் அதே நினைப்பில் இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாத்திரக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சீருக்கு அண்டா வாங்கினால், கடையிலேயே ஒருவர் உட்கார்ந்து பெயர் வெட்டிக் கொடுப்பார். யார் பெயரை? வாங்குகிறவர் பெயரை. வீட்டுப் பெயர், ஊர், தேதி எல்லாம் கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, எழுத்துப் பிழை வராமல் வெட்டுவார். ஜவுளிக்கடை தன் பெயரைப் பையில் அச்சடிக்கும், புடவை முந்தானையில் நெய்து கொடுக்காது. பை கடையுடையது, புடவை நம்முடையது. இந்த வித்தியாசம் நம் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பல லட்சத்துக்கு வண்டி விற்கிற இடத்தில்தான் அது காணாமல் போகிறது.

செய்தவர் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நாமக்கல்லில் கட்டிய லாரியிலும் கரூரில் கட்டிய பஸ்ஸிலும் பாடி கட்டியவர் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கும். பெயின்டர்கூடத் தன் பெயரைச் சின்னதாகப் போட்டிருப்பார். அது வேலைக்காரன் கையெழுத்து, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. காரைச் செய்த கம்பெனியின் முத்திரைக்கும் அதே நியாயம் உண்டு. ஷோரூம் அந்தக் காரில் எதைச் செய்தது? லாரியில் வந்து இறங்கிய வண்டியைக் கழுவி, பேட்டரி பார்த்து, சாவியைக் கொடுத்தது. அதற்கான கூலி விலைக்குள்ளேயே இருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு விளம்பரப் பலகை வைக்க வேண்டும் என்றால் நிலத்துக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும். என் வண்டி அந்த ரோட்டில் தினமும் இரண்டு தடவை போய் வருகிறது.

சரி, பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். இந்தப் பழக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு கடையை மட்டும் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. விற்பனைப் பையன் நல்ல பையன். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். அவன் நீட்டிய கொட்டேஷனில் எக்ஸ்ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பாஸ்டேக். அதற்குக் கீழே "பேசிக் கிட்" 24,900 ரூபாய், "ஹேண்ட்லிங்" 7,500 ரூபாய். பேசிக் கிட்டுக்குள் மிதியடி, மட்பிளாப், சீட் கவர், டோர் வைசர், பம்பர் ஓரத்துக்கு ரப்பர், கார் கவர், ஒரு வாசனைப் பாட்டில்.

"தம்பி, இது எதுவும் நாங்க கேக்கலீங்களே" என்றார் அப்பா.

பையன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான். மேலே இருக்கிற ஒருவர் வந்து மலையாளத்தில் சொன்னார்: "அது எல்லா வண்டியிலும் உள்ளதாணு, சேட்டா."

எல்லா வண்டியிலும் உள்ளதுதான் என்றால் அது காரோடு சேர்ந்தது என்று அப்பா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான். எல்லா வண்டியிலும் இந்தக் கடை மாட்டுகிறது என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். கையெழுத்துப் போட்ட பாரம் இங்கிலீஷில் இருந்தது, பின்பக்கத்து நிபந்தனைகள் இன்னும் பொடி எழுத்தில். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மலையாளம் பேச்சில் தண்ணீர் மாதிரி வரும், எழுத்தாக வந்தால் தடுமாறுவார்கள், இங்கிலீஷ் பாரம் என்றால் அதுவும் கிடையாது. 1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே இருக்கிற தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். ஷோரூம் மேஜையில் அப்படி எதுவும் இல்லை. அங்கே ஒருவர் வாயால் சொல்வதை நம்பித்தான் கையெழுத்து விழுகிறது. அதனாலேயே அவர் சொல்கிற வார்த்தைக்குப் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

கொட்டேஷனில் எது கட்டாயம், எது கடைக்காரர் இஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் நிறைய மிச்சமாகியிருக்கும். பாஸ்டேக் கட்டாயம். 2017 டிசம்பர் 1 முதல் புது வண்டியில் ஒட்டியேதான் விற்க வேண்டும். வாளையாறு வழியாகப் போனால் பாம்பாம்பள்ளம் டோலில் அது தேவைப்படவும் செய்யும். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் என்றால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கிறவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலித்துக் கட்டுகிற வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் நாம் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடிகிற பணம். முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், டூல்ஸ் எல்லாம் காரோடு வர வேண்டியவை, தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஹேண்ட்லிங் என்ற பெயரில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் கிடையாது.

இன்சூரன்ஸ் கட்டாயம்தான். ஆனால் அதை யாரிடம் எடுப்பது என்பது நம் விருப்பம். இங்கே நம் கோவைக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018-இல் வந்த உத்தரவால்தான், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்று வருடத்துக்கும் புது டூவீலருக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை முதலிலேயே எடுக்க வேண்டும் என்று வந்தது. ரோட்டில் அடிபடுகிற ஏழைக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்ற நோக்கம். அந்தக் கட்டாயத்தைக் காட்டித்தான் ஷோரூம்காரர்கள் "இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்கணும்" என்கிறார்கள். எடுக்க வேண்டியது கட்டாயம், அவர்களிடம் எடுக்க வேண்டியது கட்டாயமில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இலேயே வாகன விற்பனையாளர்களுக்கு இதைத் தெளிவாக்கி விதி போட்டுவிட்டது. எனக்கு ஷோரூம் போட்ட பிரீமியத்துக்கும், அதே மாதிரியான பாலிசிக்குப் பிறகு பொள்ளாச்சியில் நான் விசாரித்த தொகைக்கும் 11,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

விற்பனைப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கார் விற்பதில் கடைக்கு நிற்கிற லாபம் குறைவு. ஆக்சஸரியும் இன்சூரன்ஸ் கமிஷனும்தான் அவர்கள் பிழைப்பைத் தாங்குகின்றன. மாதத்துக்கு இத்தனை கிட் தள்ள வேண்டும் என்று பையன்களுக்கு டார்கெட் உண்டு. நியாயமான லாபம் வேண்டும் என்றால் அதைக் கம்பெனியிடம் கேட்கட்டும். வாங்க வருகிறவர் தலையில் அதைச் சொல்லாமல் கட்டக் கூடாது.

இனி அந்தக் கிட் வீட்டுக்கு வந்து என்ன செய்தது என்று பார்ப்போம்.

மிதியடியை முதலில் சொல்கிறேன், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காரோடு வந்த தரைவிரிப்பின் மேல், கிட்டில் வந்த தடித்த தோல் மிதியடியை வெறுமனே விரித்திருந்தார்கள். கீழே கொக்கி எதுவும் மாட்டவில்லை. பத்து நாள் ஓட்டிய பிறகு அப்பா, "கிளட்ச் முழுசா இறங்க மாட்டேங்குது" என்றார். குனிந்து பார்த்தால் மிதியடி முன்னால் நகர்ந்து பெடலுக்கு அடியில் மடிந்து நின்றது. அந்தப் பக்கத்து நுனி ஆக்ஸிலேட்டரைத் தொட இரண்டு விரல் அளவுதான் பாக்கி. அப்போதே உருவி எடுத்து மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சான் டியாகோ பக்கத்தில் ஒரு குடும்பம், சர்வீசுக்கு விட்ட தங்கள் காருக்குப் பதிலாக டீலர் கொடுத்த லெக்சஸ் காரில் போனது. அந்தக் காரில் வேறு மாடலுக்கு உரிய ரப்பர் மிதியடியைப் போட்டிருந்தார்கள். ஆக்ஸிலேட்டர் அதில் சிக்கி, வண்டி நிற்காமல் ஓடி, நாலு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு டொயோட்டா மிதியடிக் குறைக்காக முதலில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இதை நான் படித்தது அந்த மிதியடியைக் கொட்டகையில் போட்டதற்குப் பிறகு. படித்த அன்று ராத்திரி தூங்க முடியவில்லை. தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அந்தப் பத்து நாளுக்குள்தான்.

மட்பிளாப்பை எடுத்துக்கொண்டால், சக்கரத்துக்கு மேலே தகடு வளைகிற விளிம்பில் ஓட்டை போட்டு ஸ்குரு இறக்கியிருந்தார்கள். முதல் எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முடிந்து கழுவும்போது, ஸ்குரு தலையிலிருந்து காவி நிறத்தில் ஒரு கோடு கீழே வடிந்திருந்தது. கம்பெனியில் துருப்பிடிக்காமல் இருக்க முக்கி எடுத்த தகட்டில், பெயின்ட்டுக்கு உள்ளே போய் ஓட்டை போட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அந்த நாலு மட்பிளாப்பை நாங்கள் கேட்கவில்லை. அதற்குக் காசும் கொடுத்திருக்கிறோம்.

பெயரை எடுத்தது 2024 சித்திரையில். தங்கை குழந்தை அப்போது ஓடியாட ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளி எழுத்துக்களைத் தடவி விளையாடும். அம்மா ஒருநாள், "நம்ம ஊட்டுப் பேரையே இன்னும் படிக்கத் தெரியாது, அதுக்குள்ள கடைக்காரன் பேரு மனப்பாடம் ஆயிரும்" என்றார். அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன்.

தங்கையின் ஹேர் டிரையரை எக்ஸ்டென்ஷன் போட்டு வெளியே கொண்டு வந்தேன். எழுத்துக்களின் மேல் ஒரு சாண் தள்ளி வைத்துச் சூடு காட்டினேன். கையை வைத்தால் பொறுக்கிற சூடு போதும், அதற்கு மேல் போனால் பெயின்ட் கெடும். அப்புறம் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, முதல் எழுத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் அறுக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தேன். உள்ளே ஸ்பான்ஞ்சு மாதிரி ஒட்டு. நரம்பு அதை அறுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. முதல் எழுத்து டப்பென்று விழுந்தது. குழந்தை கை தட்டியது.

எழுத்துக்கள் எல்லாம் விழுந்தபின் அதே வடிவத்தில் கறுப்பு ஒட்டு மிச்சம். இதற்குத் தனியாக எந்த ரசாயனமும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைத்தேன். ஊறியதும் கட்டை விரலால் தேய்த்தால் ஒட்டு சுருண்டு சுருண்டு உருண்டையாக வருகிறது. விரல் ரேகை வலிக்கிற வரைக்கும் தேய்த்தேன். பழைய பனியன் துணி, கொஞ்சம் ஷாம்பூ, பச்சைத் தண்ணீர். பின்கண்ணாடி ஸ்டிக்கர் வெளிப்பக்கம் ஒட்டியிருந்ததால் பிளேடு போட்டுச் சுரண்ட முடிந்தது. சில கடைகளில் உள்பக்கம் ஒட்டி விடுகிறார்கள். அங்கே பிளேடு போட்டால் கண்ணாடியில் பனி போக்குகிற சூட்டுக் கம்பிக் கோடுகள் அறுந்துபோகும், கவனம்.

இருட்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். எழுத்துக்கள் போய்விட்டன. ஆனால் பெயர் போகவில்லை. எங்கள் கார் சிவப்பு நிறம். பாலக்காட்டு வெயிலில் இரண்டு வருடம் காய்ந்த பெயின்ட்டில் எழுத்து மறைத்திருந்த இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியான சிவப்பாக, அதே பெயரைப் படிக்கிற மாதிரி நின்றது. பாலிஷ் போட்டேன். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால் தெரியும். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். அம்மா கேட்ட அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

நம்பர் பிளேட் சட்டம் வேறு விதமான தொல்லை. 2019 ஏப்ரல் 1-இலிருந்து புது வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே கொடுத்து, டீலரே மாட்ட வேண்டும். அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம், இடது கீழே லேசரில் பொறித்த 10 இலக்க எண். கழற்றினால் உடைகிற ஒருவழிப் பூட்டு. திருட்டு நம்பர் போட முடியாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு. நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று போலீஸ் நம்மைப் பிடிக்கிறது. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், வண்டியில் தொழில் பெயரும் துறைப் பெயரும் ஒட்டியவர்களுக்கு அபராதம் போட்டது. நல்ல காரியம். ஆனால் டீலர் அந்தத் தகட்டுக்கு அடியில் தன் பெயர் போட்ட பிளாஸ்டிக் சட்டத்தை வைத்து, மேலே ஒருவழிப் பூட்டையும் போட்டுவிடுகிறார். எங்கள் கே.எல். 70 பிளேட்டில் சட்டத்தின் கீழ் உதடு அந்த லேசர் எண்ணின் மேலேயே ஏறி நின்றது. பூட்டை உடைத்தால் நான் குற்றவாளி. பம்பரில் துணி ஒட்டி, ஹேக்ஸா பிளேடால் அந்த உதட்டை மட்டும் அறுத்து எடுத்தேன். அரை நாள் போனது.

இதெல்லாம் முடிந்தபின்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2-ஆம் பிரிவு, உட்பிரிவு 41. ஒரு பொருளை வாங்க வேண்டும் என்றால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. அதாவது கிட் எடுத்தால்தான் வண்டி, இன்சூரன்ஸ் இங்கே எடுத்தால்தான் டெலிவரி என்பதெல்லாம் அதற்குள் வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பியை விற்கிறார்களே, அதன் மேல் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இடித்தால் விசை நேராகச் சட்டகத்துக்குப் போகும், ஏர்பேக் விரிகிற கணக்கும் தப்பிப்போகும். இன்றைக்கும் ஷோரூம் ஆக்சஸரி அலமாரியில் அது தொங்குகிறது.

போன வருடம் மாமா கார் வாங்கினார். அம்மாவின் தம்பி, முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது. "மாப்ள, நீயும் கூட வா" என்றார். போனேன்.

கொட்டேஷனில் அதே கிட், வேறு பெயரில். மாமா ஆக்சஸரி வரியை விரலால் அழுத்திக்காட்டி, "இது வேண்டாமுங்க" என்றார். விற்பனைக்கு இருந்த பெண் பிள்ளை பொறுமையாக, "சார், சீட் கவர் மட்டுமாவது போடுங்க, சீட் அழுக்காயிடும்" என்றார். நான் டெமோ வண்டிக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று தைத்திருந்த சின்னத் துணி லேபிளைக் காட்டினேன். அந்த வண்டியில் ஆறு ஏர்பேக். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், மேலே இறுக்கமான கவர் போட்டால் எப்படி வரும்? அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்குச் சொல்லித் தரலை சார்" என்றார். அதை அவர் மனசாரச் சொன்னார். அதற்குப் பிறகு மாமாவிடம் சீட் கவர் பேச்சை எடுக்கவே இல்லை.

புக்கிங் பாரத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. மாமா பேனாவை வாங்கி, நிதானமாகத் தமிழில் எழுதினார்: "வண்டியின் உடம்பிலும் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் கடைப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. எங்கும் ஓட்டை போடக் கூடாது. நாங்கள் கேட்காத எந்தச் சாமானும் மாட்டக் கூடாது." தேதி போட்டார்.

மேனேஜர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. வாளையாறிலிருந்து வேலைக்கு வருகிற மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்து மலையாளத்தில் சொன்னார். மூன்றாவது வரி வந்ததும் மேனேஜர் சிரித்துவிட்டு, "ஷரி" என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அதன் போட்டோவை அங்கேயே போனில் எடுத்துக்கொண்டோம். ஹேண்ட்லிங் வரியையும் பேனாவால் அடித்துவிட்டார். இன்சூரன்ஸ் மாமாவுக்குத் தெரிந்த பொள்ளாச்சி ஏஜென்ட்டிடம். வண்டி நம்பர் விழுவதற்கு முன்னாலேயே ஷோரூம் யார்டுக்குப் போய் ஒருதடவை சுற்றிப் பார்த்தோம். யார்டில் ஒரு பையன் பக்கத்து வண்டியில் எழுத்துக்களை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தான். மாமா வண்டியின் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள், அதில் மலையாளத்தில் பெரிதாக "ஸ்டிக்கர் வேண்டா" என்று எழுதியிருந்தது.

டெலிவரி அன்று அம்மாவும் வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்கம் போனவர், டிக்கிக் கதவை ஒருமுறை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். நடுவில் பெரியதாக ஒரு பொட்டு வைத்தார்.

எங்கள் காரில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. கழுவி வைத்தால் தெரியாது. நேற்று மாமா தோப்புக்குப் போய்ச் செம்மண் தூசியோடு திரும்பி வந்து நிறுத்தினேன். காலையில் பனியில் தூசி நனைந்து, டிக்கியில் எழுத்து எழுத்தாக எழுந்து நின்றது. போன் நம்பர் மட்டும்தான் இல்லை. ஈரத் துணியை எடுத்து, அம்மா வாசல் தெளிக்க வருவதற்குள் துடைத்துவிட்டேன்.